குர்மாத்துரா மேட்டைக் கடந்த ஞாயிற்றுக்கிழமை

காவ்ரிலா க்ளேஜ் தன் மனைவி சவேத்தாவின் தாடையை உடைத்தது ஒரு பிப்ரவரி ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு. விறகுக் கட்டையால் அடித்தான் என்று கீழ் ஊரில் முதலில் பேசிக்கொண்டார்கள். அது தப்பு. வெறும் கையால்தான் அடித்தான். சொந்த மரமறுக்கும் மில்லில் இருபது வருடம் தேவதாரு கட்டை புரட்டிய கைக்கு விறகு எதற்கு?

அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள், இலிங்கா. அவள்தான் போன் செய்தாள். மலைக்கு மேலே காய்ச்சல், பிரசவம், வெட்டுக்காயம் எதுவானாலும் எல்லாரும் கூப்பிடும் நம்பர் ஒன்றுதான். அது அந்த வீட்டுச் சமையலறைச் சுவரிலும் பென்சிலால் எழுதியிருந்தது. எங்கள் பஞ்சாயத்து நர்ஸ் வெத்தூரியா யுர்ஜின் நம்பர்.

போன் வந்தபோது வெத்தூரியா அக்கா என் பட்டறையில் இருந்தாள். அவளுடைய பழைய நீவா ஜீப்புக்கு நான் எண்ணெய் மாற்றி முடித்திருந்தேன். சுற்றிலும் அமைதியாக இருந்ததால் குழந்தையின் குரல் எனக்கும் கேட்டது.

"நர்ஸ் பெரியம்மா, அம்மா தரையில தூங்குறாங்க. காதுலேர்ந்து ரத்தம் வருது. அடுப்புல களி கொதிக்குது, எனக்கு இறக்கத் தெரியல."

"நீ இறக்காத கண்ணு. அம்மா தலையை ஒருபக்கமா சாய்ச்சு வச்சுட்டு அங்கேயே உக்காரு. அப்பா எங்க?"

"மில்லுல. குடிக்கிறாரு."

அக்கா போனைப் பைக்குள் போட்டாள். என்னைப் பார்த்தாள். "தொவாதெர், கிளம்புடா. கூட ஒரு ஆம்பளை இருந்தா நல்லது."

"அக்கா, டிராக்டர் சக்கரத்தைக் கழட்டிப் போட்டுட்டேன்..."

"டிராக்டர் எங்கயும் ஓடிப்போகாது."

நான் தரையைப் பார்த்தேன். காவ்ரிலாவின் மில் லாரிகளை எல்லாம் நான்தான் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். என் பட்டறை ஓடியதில் பாதி அவனால். அக்கா இரண்டாம் தடவை கேட்கவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டாள். நான் போகவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். மற்றதெல்லாம் அக்காவும் சவேத்தாவும் பிற்பாடு சொன்னது. கொஞ்சம், பனியில் கிடந்த தடத்தை நானே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கட்டை குட்டையான உடம்பு, ஆண்பிள்ளைச் செருப்பு, வாயில் எப்போதும் ஒரு சூரியகாந்தி விதை. புருஷன் அவ்ராம் காட்டில் மரம் வெட்டுகிறவன். வெட்டிய மரம் திரும்பி அவன் மேலேயே விழுந்தது. கழுத்து முறிந்து, மூன்று மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறான். கீழேயிருந்து ஆம்புலன்ஸ் வந்தது, முதல் ஏற்றத்திலேயே சறுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டது. அவன் செத்த அடுத்த மாதம் அக்கா ஓட்டப் பழகினாள். வயது முப்பத்தெட்டு. அவ்ராமின் மாடு இரண்டையும் விற்று, காட்டிலாகா கழித்துக்கட்டிய ஒரு நீவாவை வாங்கினாள். மஞ்சள் நிறம், இரண்டு கதவு, வில் மாதிரி முதுகு. எங்கள் ஊர் ஆட்கள் சிரித்தார்கள். "வெத்தூரியா ஆடு வாங்கியிருக்கா, பால் கறக்குமா?" என்று கேட்டார்கள்.

அந்த ஆடு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஒன்றேகால் டன்கூட எடை வராது. நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும். டயர் ஒல்லி. ஒல்லி டயர் புதுப்பனியை வெண்ணெய் வெட்டுகிற மாதிரி வெட்டி அடியில் இருக்கும் தரையைப் பிடிக்கும். அகலமான டயர் போட்ட பெரிய வண்டிகள் மேலேயே மிதந்து, பிறகு மொத்தமாக அமிழும். பனியில் ஓட்டுவதற்கு அக்கா தனக்கென்று சட்டம் வைத்திருந்தாள். ஏற்றத்தில் நிற்காதே. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாதே, என்ஜினே பிடித்துக்கொள்ளும். "இறக்கத்துல பிரேக்கை மிதிக்கிறவன் பாதிரியாரைப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சுக்கணும்" என்பாள்.

காவ்ரிலாவுக்கு அவள் மேல் பழைய வன்மம் ஒன்று உண்டு. இரண்டு வருடம் முன்பு, பனி உருகும் காலத்தில், அவனுடைய புதுப் பிக்கப் வண்டி மில்லுக்குக் கீழே சேற்றில் புதைந்தது. வெளிநாட்டுப் பெருவண்டி, இரண்டேகால் டன். அவன் ஆட்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா நீவாவில் கயிறு கட்டி, விட்டு விட்டு இழுத்து, அதை வெளியே எடுத்துப் போட்டாள். அன்றைக்கு அவன் நன்றி சொல்லவில்லை. காறித் துப்பினான்.

அந்த ஞாயிறு மூன்று நாளாகப் பனி கொட்டி, காலையில்தான் விட்டிருந்தது. கீழ் ஊரிலிருந்து காவ்ரிலா வீடு ஒன்பது கிலோமீட்டர். காலையில் பூசைக்கு வந்துபோன அவனுடைய பிக்கப்பின் தடம் இருந்ததால் அக்காவுக்கு ஏற்றம் பெரிய கஷ்டமில்லை. நாற்பது நிமிடத்தில் முற்றத்துக்குள் போய், வண்டியைத் திருப்பி, முகம் வாசலைப் பார்க்க நிறுத்தினாள். அது அவள் பழக்கம்.

உள்ளே சவேத்தா அடுப்பருகே கிடந்தாள். கீழ்த்தாடை ஒருபக்கமாகப் போயிருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. காதிலிருந்து வந்த ரத்தம் தலைமுடியோடு உறைந்து பலகைத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அம்மாவின் தலையைத் தன் மடியில் ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அந்த நாற்பது நிமிடமும் அவள் அசையவே இல்லை. இரும்புச் சட்டியில் சோளக்களி அடி தீய்ந்து, மேலே குமிழ் குமிழாக வெடித்துக்கொண்டிருந்தது.

அக்கா சவேத்தாவின் கழுத்துக்குத் துணி சுற்றி முடிப்பதற்குள் வெளியே பிக்கப்பின் சத்தம் கேட்டது. காவ்ரிலா அதை மில் கொட்டகையிலிருந்து எடுத்து வந்து, முற்றத்து வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். வாசல்படி முழுக்க அடைத்துக்கொண்டு நின்றான்.

"உன்னை யாருடி வரச்சொன்னா?"

"காவ்ரிலா, இவளுக்கு மண்டைக்குள்ள அடிபட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா பொழுது சாயறதுக்குள்ள செத்துருவா. வண்டியை எடு."

"படியில விழுந்துட்டா. நாளைக்கு எந்திரிச்சிருவா."

"படியில விழுந்தா கழுத்துல விரல் பதியுமா?"

அவன் குழந்தையைப் பார்த்தான். "நீயா போன் பண்ணுனே?" என்று கேட்டுக்கொண்டே ஓரடி வைத்தான். அக்கா நடுவில் வந்தாள். அவன் அவள் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்த சத்தம் தன் காதுக்குள்ளேயே கேட்டதாக அக்கா சொன்னாள். சுவரில் மோதி விழுந்தாள். இரண்டு முன்பற்கள் நாக்கின் மேல் கிடந்தன. அவன் இடுப்பில் ஒரு உதை விட்டான், இன்னொன்று விட்டான். பிறகு அவளை விட்டுவிட்டுக் குழந்தையின் முடியைப் பிடித்துத் தூக்கினான்.

அக்கா அடுப்பைப் பிடித்து எழுந்தாள். கையில் துணிகூட இல்லை. சட்டியின் இரும்புப் பிடியை வெறுங்கையால் பிடித்துத் தூக்கி, கொதிக்கிற களியை அப்படியே அவன் முகத்தில் வீசினாள். களி தண்ணீர் மாதிரி வழியாது, ஒட்டிக்கொள்ளும். இடது கன்னம், கண், கழுத்து, சட்டைக்குள் என்று பூசிக்கொண்டது. அவன் இரண்டு கையாலும் அதை வழிக்கப் போனான். கையோடு தோலும் வந்தது. பன்றியை அறுக்கும்போது வருமே, அப்படி ஒரு ஓலம். முற்றத்துப் பனியில் முகத்தைப் புதைக்க வெளியே ஓடினான்.

"கண்ணு, கதவைத் திறந்து பிடி!"

சவேத்தாவைக் கம்பளியோடு இழுத்து, வாசல்படியில் இறக்கி, நீவாவின் பின் சீட்டில் ஏற்றினாள். எப்படி ஏற்றினோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. குழந்தை உள்ளே தாவி, அம்மா தலையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். என்ஜின் பிடித்தது. அதற்குள் காவ்ரிலா எழுந்துவிட்டான். விறகு பிளக்கிற கோடாலி கையில் இருந்தது.

முதல் வீச்சு பின்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி மொத்தமும் குழந்தை மேல் கொட்டியது. இரண்டாவது வீச்சு டிரைவர் கதவில். தகரத்தைப் பிளந்து, அக்காவின் தொடைக்கு நாலு விரல்கடை தள்ளி முனை உள்ளே வந்து மாட்டிக்கொண்டது. அவன் பிடுங்கப் பிடுங்க அக்கா வண்டியை எடுத்தாள். பிடியை விடாமல் அவன் பத்தடி இழுபட்டு விழுந்தான். கோடாலி கதவிலேயே தங்கிவிட்டது.

வாசலில் பிக்கப். அந்தப் பக்கம் போக வழியில்லை. முற்றத்தின் பின்னால் வைக்கோல் சறுக்குவண்டி போக ஒரு வேலி இடைவெளி உண்டு. சரியாக ஒரு சறுக்குவண்டி அகலம். அக்கா திருப்பி அதில் விட்டாள். இரண்டு பக்கக் கண்ணாடியும் ஒடிந்தன, வண்டி வெளியே வந்துவிட்டது. வெளியே மேய்ச்சல் மேடு. அதற்கு மேல் காடு. காட்டுக்கு மேல் குர்மாத்துரா என்கிற மொட்டை மேடு. அதைக் கடந்தால் அடுத்த பள்ளத்தாக்கு, அங்கே தார்ச்சாலை, ஆஸ்பத்திரி. பதினாலு கிலோமீட்டர். நவம்பருக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் சக்கரம் உருட்டியதில்லை.

அவள் லோ கியர் லீவரைத் தள்ளி, நாலு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற குட்டி லீவரையும் போட்டாள். பனி பம்பருக்கு மேலே வந்தது. நீவா முக்கிக்கொண்டு, மூக்கால் பனியை உழுதுகொண்டு, ஆள் ஓடுகிற வேகத்தில் ஏறியது. உடைந்த பின்கண்ணாடி வழியே பனி உள்ளே பறந்தது.

பின்னால் மரம் முறிகிற சத்தம். காவ்ரிலா பிக்கப்பை எடுத்து, வேலித் தூண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். நாலு சக்கரத்திலும் சங்கிலி கட்டியிருந்தான். சொந்தமாக வழி வெட்டியிருந்தால் அவன் வண்டி மேய்ச்சல் மேட்டைத் தாண்டியிருக்காது. ஆனால் முன்னே போன நீவா அவனுக்கு வழி வெட்டிக்கொடுத்துக்கொண்டே போனது. அக்கா பிற்பாடு என்னிடம் அதைத்தான் சொன்னாள். "நான் போற ஒவ்வொரு அடியும் அவனுக்கும் பாதை போடுது தொவாதெர். நின்னாலும் சாவு, போனாலும் கூடவே வர்றான்."

பீச் மரக் காட்டுக்குள் நுழைந்ததும் அவன் எட்டிப் பிடித்தான். முதல் இடி பின்பம்பரில். வண்டி முன்னால் துள்ளியது. சவேத்தா அப்போதுதான் நினைவு வந்து கத்தினாள். உடைந்த தாடைக்குள்ளிருந்து வந்ததால் அது கத்தல் மாதிரியே இல்லை. வாய் நிறைய ரத்தம், மூச்சு அடைத்தது. அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையைப் பின்னால் நீட்டி அவள் வாய்க்குள் விரல் விட்டு ரத்தக்கட்டியை வழித்து எடுத்தாள். அந்தக் கை ஏற்கெனவே சட்டிப் பிடியில் வெந்துபோன கை.

இரண்டாவது இடி பக்கவாட்டில் விழுந்தது. நீவா ஒரு மரத்தில் உரசி, இரண்டு சக்கரத்தில் சாய்ந்து, மறுபடி நாலிலும் இறங்கியது. பிக்கப் மரத்தில் நேராக மோதியது. விளக்கு ஒன்று போனது, ரேடியேட்டர் போகவில்லை. அவன் கண்ணாடியை இறக்கிக் கத்தினான்.

"நிறுத்துடி கிழவி! என் பொண்டாட்டியை எங்கடி கொண்டுபோற?"

அக்கா ஆக்சிலேட்டரை மிதித்தாள். ரிவர்ஸ் போட்டு அவன் மரத்திலிருந்து விடுபட எடுத்துக்கொண்ட நேரத்தில் மூன்று வளைவு ஏறிவிட்டாள்.

காடு முடிந்தது. முன்னால் மொட்டை மேடு, முழு வெள்ளை. பாதை எது, பள்ளம் எது என்று தெரியாது. காற்று அடித்து அடித்து அங்கே பனியின் மேல் ஒரு கெட்டித் தோல் விழுந்திருக்கும். கீழே ஆளுயரத்துக்குப் பொடிப்பனி. மனுஷன் நடக்கலாம், குதிரை அமிழும். இடப்பக்கம் சரிவு, சரிவின் அடியில் பாறை. ஒல்லி டயர் இங்கே உதவாது, கத்தி மாதிரி தோலைக் கிழித்துவிடும். டயர் தட்டையாகிப் படர்ந்தால்தான் வண்டி மேலேயே போகும்.

அக்கா வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள். குழந்தையிடம் சொன்னாள், "இலிங்கா, நான் சொல்றப்போ ஒண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும் சத்தமா எண்ணு. எண்ணத் தெரியுமா?"

"நூறு வரைக்கும் தெரியும்."

"நாப்பது போதும். பின்னாடி பாக்காத. என்னை மட்டும் பாரு."

சாவி முனையால் டயர் வால்வை அமுக்கினாள். காற்று சீறியது. குழந்தை எண்ணினாள். ஒரு டயர். அடுத்தது. காட்டுக்குள்ளிருந்து சங்கிலிச் சத்தம் நெருங்கியது. மூன்றாவது டயரில் குழந்தை முப்பதைச் சொன்னபோது பிக்கப்பின் மூக்கு மரங்களுக்கு நடுவே தெரிந்தது. நாற்பது வரை பொறுத்தாள். நாலாவதை அப்படியே விட்டுவிட்டு ஏறினாள்.

லோ கியரை எடுத்துவிட்டு, இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை முட்டையை மிதிக்கிற மாதிரி மிதித்து, கெட்டித் தோலின் மேல் வண்டியை ஏற்றினாள். தோல் முனகியது. காற்று இறக்காத அந்த ஒரு சக்கரம் மட்டும் அங்கங்கே குத்தி இறங்கியது. மற்ற மூன்றும் அதைத் தூக்கிக்கொண்டு போயின. நாலு நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அந்தத் தடம் உறைந்து அப்படியே இருந்தது. மூன்று சக்கரத்துக்கு விரல் ஆழத் தழும்பு. நாலாவதற்கு முழ ஆழத்தில் குழிகள்.

அவளுக்குப் பின்னால் காவ்ரிலா முழு வேகத்தில் வந்தான். இடது கண் மூடிப்போயிருந்தது. பள்ளப் பக்கம் அவனுக்குத் தெரியவே இல்லை. பத்து ஆள் நீளம் தோல் தாங்கியது. பிறகு முன்சக்கரம் இரண்டும் உடைத்துக்கொண்டு இறங்கின. இரண்டேகால் டன்னும் சங்கிலியும் சேர்ந்து தோலை உரித்துக்கொண்டு இடப்பக்கமாக நழுவின. அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி குறுக்கே திரும்பி, ஒருமுறை உருண்டு, இன்னொருமுறை உருண்டு, பாறையில் மோதிப் பக்கவாட்டில் கிடந்தது.

சத்தம் நின்றது. அக்கா கெட்டித் தரையில் வண்டியை நிறுத்திவிட்டு விளிம்பு வரை நடந்து வந்தாள். கீழே அவன் உயிரோடுதான் இருந்தான். கதவு உள்ளே மடங்கி, வலது கால் முழங்காலுக்குக் கீழே அதில் நசுங்கியிருந்தது.

"கயிறு போடு! வெத்தூரியா, கயிறு போடு! கால் மாட்டிக்கிச்சு!"

"கயிறு போட்டு இழுத்தா கால் இல்லாமதான் வருவ. அசையாம கிட."

"உன்னை ஒண்ணும் செய்யமாட்டேன்."

"செய்யவும் முடியாது."

அவள் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி, உருட்டி, அவன் மேல் விழுகிற மாதிரி வீசினாள். "போர்த்திக்க. இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டு ஆளைக் கூட்டிட்டு வர்றேன்."

"வரமாட்ட! என்னைச் சாகவிட்டுருவ!"

"விட்டுட்டுப் போகணும்னுதான் இருக்கு" என்றாள் அக்கா. "ஆனா வருவேன்."

வண்டிக்குத் திரும்பியபோது சவேத்தா கண்ணைத் திறந்திருந்தாள். பேச முடியாது. நல்ல கையின் விரலால் பள்ளத்தைக் காட்டி, பிறகு அதே விரலைத் தன் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாள். அவன் சாகட்டும் என்று சொல்கிறாளா, செத்துவிட்டானா என்று கேட்கிறாளா, அக்காவுக்குப் புரியவில்லை. "உயிரோட இருக்கான்" என்றாள். சவேத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இறக்கம் ஏழு கிலோமீட்டர். மறுபடி லோ கியர், முதல் கியர், காலைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டாள். என்ஜின் கத்திப் பிடித்துக்கொண்டே இறக்கியது. மூன்று இடத்தில் வண்டியின் வால் பள்ளத்தைப் பார்க்கத் திரும்பியது. மூன்று தடவையும் அவள் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரைத் தொட்டாள், முன்சக்கரங்கள் இழுத்து நிமிர்த்தின. ஐந்து மணிக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். கதவில் கோடாலி, முகமெல்லாம் ரத்தம், கோட் இல்லை. வாசலில் இருந்த காவலாளி அவளை முதலில் உள்ளே விடவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தானாம்.

சவேத்தாவின் மண்டைக்குள் கசிந்த ரத்தத்தை அன்றைக்கே எடுத்தார்கள். பிழைத்தாள். டாக்டர் அக்காவின் மூக்கை நிமிர்த்தப் பஞ்சை எடுத்தபோது அக்கா எழுந்துவிட்டாள். மீட்புக்குழுவின் பெரிய வண்டி இரண்டாவது வளைவுக்கு மேல் ஏறவில்லை என்று செய்தி வந்திருந்தது. "என் வண்டி வந்த தடம் இருக்கு. என் வண்டிதான் போகும்" என்றாள். இரண்டு மீட்பு ஆட்களைப் பின் சீட்டில், கண்ணாடித் தூள் மேலேயே உட்கார வைத்து, அதே மலையில் மறுபடி ஏறினாள். இரும்பு வெட்டி அவனை வெளியே எடுத்தார்கள். கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். அவனைக் காப்பாற்றியது அந்த ஆட்டுத்தோல் கோட்தான் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

கோர்ட்டில் அவனுக்கு நாலு வருடம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பு விசாரிக்க வந்த அதிகாரி அக்கா மேலும் ஒரு வழக்கு எழுதினார். கொதிக்கும் பொருளால் கடுமையான காயம். அக்கா கேட்டாள், "களியைத் தட்டுல வச்சு, கரண்டியும் கொடுத்திருக்கணுமா சார்?" ஆறு மாதம் இழுத்தடித்து அந்த வழக்கைக் கைவிட்டார்கள்.

எங்கள் ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. மில் மூடியதால் பதினேழு குடும்பத்துக்கு வேலை போனது. ஈஸ்டர் பூசையில் ஒரு பெண் அவள் காலடியில் துப்பினாள். நீவாவின் நாலு டயரையும் யாரோ கிழித்தார்கள். மே மாதம் மூன்று பேர் அவளைப் பாலத்தருகே மறித்து, "குடும்பத்தைப் பிரிச்ச கிழவி" என்று சொல்லி ஆற்றில் தள்ளினார்கள். உருகிய பனித்தண்ணீர், இடுப்பளவு. இந்த முறை நான் பட்டறையில் உட்காரவில்லை. சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியோடு போனேன். ஒருவனுக்குத் தோள் எலும்பு உடைந்தது, எனக்கு மூன்று விலா. அக்கா கரையேறி, முதலில் அந்தத் தோள் உடைந்தவனுக்குத்தான் கட்டுப் போட்டாள். என்னைப் பார்த்து, "உனக்கு விலா. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. சிரிக்காம இரு" என்றாள்.

காவ்ரிலா இரண்டரை வருடத்தில் வெளியே வந்தான். சவேத்தாவும் குழந்தையும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். எங்கே என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவன் அந்த மேட்டு வீட்டில் தனியாக இருந்தான். வெட்டிய காலில் புண் வைத்தது. வாரம் இரண்டு தடவை கட்டு மாற்ற வேண்டும் என்று சீட்டு வந்தது, பஞ்சாயத்து நர்ஸின் பெயருக்கு.

"போகப்போறியா அக்கா?" என்று கேட்டேன்.

"சீட்டுல என் பேருதான் இருக்கு."

பதினாலு மாதம் போனாள். நான் வண்டியில் உட்கார்ந்திருப்பேன், கம்பி என் காலடியில் இருக்கும். முதல் நாள் அவன் ஊன்றுகோலை எறிந்தான். அக்கா அதை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, "இனிமே தவழ்ந்து போ" என்று சொல்லிக் கட்டு மாற்றினாள். பிறகு அவன் எறியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வெந்த முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலை மட்டும் நீட்டுவான். சிலநாள் கேட்பான்.

"அவ எங்க இருக்கா?"

"புண்ணு காயுது. உப்பைக் குறை."

ஒரு டிசம்பர் காலையில் அதே கேள்வியைக் கேட்டான். அக்கா அதே பதிலைச் சொன்னாள். அவன் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கை மில்லில் கட்டை புரட்டிய கை, அதன் பலம் போகவே இல்லை. "சொல்லுடி" என்று முறுக்கினான். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. சத்தம் கேட்டு நான் கதவை உதைத்துத் திறந்து உள்ளே போனபோது அக்கா இடது கையில் கத்தரிக்கோலைப் பிடித்து அவன் கழுத்துக் குழியில் வைத்திருந்தாள். ஒரு சொட்டு ரத்தம் வெளியே வந்து நின்றது. அவன் கையை விட்டான்.

"குத்து" என்றான்.

அவள் வெகுநேரம் அப்படியே நின்றாள். அவள் குத்திவிடுவாள் என்றே நினைத்தேன். தடுக்க நான் அசையவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். பாதி சுற்றிய கட்டை ஒரு கையாலேயே முடிந்தாள். "இதோட நான் வரமாட்டேன். நான் நர்ஸு. சாமியார் இல்லை" என்றாள்.

அவனைச் சமவெளியில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று கேள்வி. சவேத்தா தையல் வேலை செய்கிறாள். தாடையில் இரும்புத் தகடு, குளிர்காலத்தில் வலிக்கும். இலிங்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் முகத்தில் கண்ணாடி கீறிய தழும்புக்கு ஏதோ ஒரு கதை சொல்லியிருக்கிறாளாம்.

அக்காவின் மணிக்கட்டு சரியாகச் சேரவில்லை. கியர் லீவரைப் பிடித்துத் தள்ள பலம் வராது. நான் மூன்று லீவருக்கும் குழாய் வைத்து நீட்டிப் பற்றவைத்துக் கொடுத்தேன். இப்போது முழங்கையாலேயே தள்ளுகிறாள். அறுபத்தெட்டு வயதாகிறது, வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவளுக்குப் பதிலாக வந்த பெண் பெரிய வண்டி வைத்திருக்கிறாள், நல்ல பெண்தான். இந்த ஜனவரியில் மேட்டில் இடையன் ஒருவனுக்கு மூச்சு முட்டியபோது, அந்தப் பெண் முதல் வளைவில் பனியில் மாட்டிக்கொண்டு போன் செய்தாள். அக்கா போய், அவளைக் கூட ஏற்றிக்கொண்டு மேலே போனாள். வழியெல்லாம், அந்தப் பெண் தன் வண்டியில் பிரேக்கை எப்படி மிதிக்கிறாள் என்று சொல்லித் திட்டிக்கொண்டே போனாளாம். இடையன் பிழைத்துக்கொண்டான்.